சிங்காரவேலு பார்த்த பிரசவம்

ஓர் அரசு ஊழியர் ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்கு மாறும்போது அவருடைய உரிமைகளில் ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தக் கூடாது என்று கவலைப்பட்டு, அந்தக் கவலைக்கென்றே தனி அலுவலகம் திறந்த பெருமை நம் சுகாதார நிர்வாகத்துக்கு உண்டு. மற்ற இடங்களில் ஊழியர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே அதைத் தூக்குவதற்கு ஆள் போட்டார்கள்.

2001-இல் அரியலூர் தனி மாவட்டமான கையோடு, 'பணியாளர் உரிமைப் பாதுகாப்பு மற்றும் ஒன்றிணைப்புச் சிறப்புப் பிரிவு' ஓர் உரக்கடை மாடியில் தொடங்கப்பட்டது. பெயர்ப்பலகை மாடியைவிட நீளம். அதனால் 'சிறப்புப் பிரிவு' என்ற பகுதி பக்கத்துச் சலூனின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சலூனில் கூட்டம் கொஞ்சம் கூடியது. மாடிக்கு யாரும் ஏறவில்லை.

ஊராட்சி ஒன்றியங்களின் கையிலிருந்த மகப்பேறு விடுதிகளைச் சுகாதாரத் துறை எடுத்துக்கொள்வது என்று அப்போது முடிவாகியிருந்தது. கட்டடம் அதே கட்டடம். கட்டில் அதே கட்டில். அதில் படுக்க வரும் பெண்களும் அதே ஊர்ப் பெண்கள். முதலாளி மட்டும் மாறுவார். அங்கே வேலை பார்ப்பவர்களின் பணிக்காலமும் பணிமூப்பும் எவ்வகையிலும் பாதிக்கப்படாது என்று ஆணை சொன்னது. அப்படிப் பாதிக்கப்படாமலே போய்விட்டால் பிறகு பிரிவுக்கு என்ன வேலை என்ற கேள்வியை ஆணை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. பிரிவின் தனி அலுவலர் வைத்திலிங்கம் யோசித்தார்.

கீழப்பழுவூரிலிருந்து உள்ளே தள்ளி ஆலங்குழி என்று ஓர் ஊர். அதன் மகப்பேறு விடுதியில் சம்பூர்ணம் பிரசவம் பார்க்கும் தாதியாக இருந்தார். ஊர் அவரை நர்சம்மா என்றது. வயது நாற்பதைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தார். கணவர் சிமெண்ட் லாரியில் கிளீனராகப் போய், இடுப்பை ஒடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார். மகள் சுகன்யா பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். மொத்தத்தில் மூன்று பேரும் சம்பூர்ணத்தின் வேலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் அரசாங்கத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஊழியரை ஓரிடத்திலிருந்து பிற்பகலில் விடுவிப்பார்கள். மறுநாள் முற்பகலில் அவர் புது இடத்தில் சேருவார். நடுவே இருப்பது இரவு. இரவில் அரசாங்கம் தூங்கும், ஆகவே அதை யாரும் கேட்பதில்லை. முற்பகலிலேயே விடுவித்துவிட்டால் ஒரு பிற்பகல் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். பணித்தொடர்ச்சி அறுந்தது என்று அர்த்தம். ஒன்றிய அலுவலகக் கண்காணிப்பாளர் சிங்காரவேலுவுக்கு இது நன்றாகத் தெரியும். தன் பணிக்காலம் முழுவதும் இதைத் தவிர வேறொன்றையும் தெரிந்துகொள்ளாமல் கவனமாக இருந்தவர் அவர்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், விடுவிப்பு ஆணையோடும் ரப்பர் முத்திரையோடும் சிங்காரவேலு ஆலங்குழிக்கு வந்து சேர்ந்தார். வந்தது காலையில்.

"சார், மத்தியானத்துக்கு மேலதான் விடுவிப்பாங்கன்னு சொன்னாங்களே?" என்றார் சம்பூர்ணம்.

"வியாழக்கெழம மத்தியானம் ராகு காலம்மா. உனக்கு ஒரு நல்லது பண்ணப்போறேன், அத ராகு காலத்துலயா பண்ணுவாங்க?"

"அது முடிஞ்சப்பறம் பண்ணுங்களேன்."

"அது முடிஞ்சா எனக்கு பஸ்ஸு கெடையாது. உன் ஒருத்திக்காக நான் கீழப்பழுவூர் வரைக்கும் நடக்கவா?"

முற்பகல் என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். "இந்த நிமிஷத்துலேருந்து நீ ஒன்றியத்து ஆளு இல்ல."

"அப்ப சுகாதாரத்துக்குப் போயிட்டேனுங்களா?"

"அது நாளைக்கு. இப்ப நீ யாருமே இல்ல. நிம்மதியா இரு."

நிம்மதி வாசலுக்கு வருவதற்குள் ஒரு டிராக்டர் வந்துவிட்டது. பின்னால் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதில் அம்பிகா வலியோடு கிடந்தாள். பக்கத்தில் அவள் மாமனார் அரியமுத்து, அவள் கையைப் பிடிப்பதா டிரெய்லரின் விளிம்பைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டு நின்றார்.

சம்பூர்ணம் புடவையைச் செருகிக்கொண்டு பிரசவ அறைக்குள் நுழையப் போனார். சிங்காரவேலு கதவை மறித்தார்.

"உள்ள போவாத! நீ இப்ப வெளியாளு. வெளியாளு அரசு பிரசவ அறைக்குள்ள நொழஞ்சா அத்துமீறல்."

"அப்ப யாருங்க பாக்கறது?" என்று கேட்டார் அரியமுத்து.

"டாக்டரம்மா செவ்வாக்கெழம வருவாங்க."

"சரிங்க. புள்ளகிட்ட சொல்லிப் பாக்கறேன்."

டிரெய்லரிலிருந்து அம்பிகா கத்தினாள். "ஏ நர்சக்கா! அந்தாளு கெடக்கறான், நீ வாக்கா!"

சம்பூர்ணம் கண்காணிப்பாளரை ஒரு தோளால் நகர்த்தினார். ஆணைக்கும் தோளுக்கும் மோதல் வந்தால் எது வெல்லும் என்பது விதிகளில் சொல்லப்படவில்லை. அம்பிகாவை உள்ளே கொண்டுபோனதும் அறைக்கதவு சாத்திக்கொண்டது. சிறிது நேரத்தில் வெந்நீர் கேட்டுச் சம்பூர்ணம் கையை வெளியே நீட்டினார். அந்தக் கையில் ரத்தத்தைப் பார்த்த சிங்காரவேலு, பார்த்த வாக்கிலேயே சாய்ந்துவிட்டார். குழந்தை பிறந்து, அழுது, குளித்து முடிந்தபோது, விடுதியிலிருந்த இரண்டு கட்டில்களில் ஒன்றில் அம்பிகா படுத்திருந்தாள். இன்னொன்றில் சிங்காரவேலு. முதலில் எழுந்து உட்கார்ந்தது அம்பிகா.

மறுநாள் காலையில் சம்பூர்ணம் அரியலூர் போய் உரக்கடை மாடி ஏறினார். வைத்திலிங்கம் அலுவலகத்துக்கு வருவதும் வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்குவதும் ஒரே நேரமாக இருந்தது.

"பன்னெண்டு வரைக்கும் உக்காரு" என்றார். "புது வாழ்க்க தொடங்கற. நல்ல நேரத்துல தொடங்கு."

பிற்பகலில், மிக நல்ல நேரத்தில், சம்பூர்ணம் பணியில் சேர்ந்தார். ஆக, ஒருவர் ராகுவுக்குப் பயந்து முன்னால் விட்டார். இன்னொருவர் ராகுவுக்குப் பயந்து பின்னால் சேர்த்தார். ராகுவுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஆணை வந்தது. சம்பூர்ணத்தின் பணித்தொடர்ச்சி முறிந்திருப்பதால் அவர் மாறுதலில் வந்தவராகக் கருதப்பட மாட்டார். புதிதாகச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். புதிதாகச் சேருகிறவர் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். சம்பூர்ணம் உட்பட்டிருக்கவில்லை. எனவே அவர் சேர்ந்தது செல்லாது. விடுதியைப் பூட்டிச் சாவியைப் பிரிவில் ஒப்படைக்கவும்.

சாவியோடு மாடியேறிய சம்பூர்ணத்துக்கு வைத்திலிங்கம் பொறுமையாக விளக்கினார். அவர் நல்ல பேச்சாளர்.

"இந்தாம்மா, ஒண்ணு புரிஞ்சுக்க. உன் உரிமை எங்கயும் போகல. இதோ, இந்த ஆபீசுலயே பத்திரமா இருக்கு. அத உன் கையில குடுத்தா என்ன பண்ணுவ? வச்சுக்கத் தெரியுமா உனக்கு? அரிசிப் பானைக்குப் பின்னாடி சொருகி வப்ப, எலி கடிச்சுட்டுப் போவும். உரிமைப் பாதுகாப்புன்னா என்னன்னு நெனச்ச? ஊழியர்கிட்டேருந்து உரிமைய பாதுகாக்கறதுதான். அதுக்குத்தான் இத்தன பேரு இங்க உக்காந்திருக்கோம்."

"எனக்கு வேல வேணுங்க சார். வூட்டுல மூணு பேரு."

"வேலையா? அது வேற பிரிவு."

கீழே டீக்கடையில் சுகாதார ஊழியர் சங்கத் தலைவர் தர்மன் அவரைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கவலய விடுங்க. சங்கம் உங்க பின்னால நிக்குது."

சம்பூர்ணம் திரும்பிப் பார்த்தார். டீ மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ஆனா ஒரு சின்ன செரமம்" என்றார் தர்மன். "ஒன்றியத்து சங்கத்துலேருந்து நீங்க வெளிய வந்துட்டீங்க. எங்க சங்கத்துல, பணியில இருக்கறவங்களுக்குத்தான் எடம். நீங்க மொதல்ல பணியில சேருங்க. சேந்த அடுத்த நிமிஷமே, உங்கள பணியில சேக்கச் சொல்லி ரோட்ட மறிச்சுடறோம்."

விஷயம் அரியமுத்துவின் காதுக்குப் போனது. நன்றியுள்ள மனிதர். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே அரியலூர் போய், வைத்திலிங்கத்தின் முன்னால் கைகூப்பினார்.

"ஐயா, நடுவுல நர்சம்மா வேலையில இல்லன்னு சொல்றீங்களாம். அது அன்னிக்கு வேலையிலதாங்க இருந்துச்சு. எம் பேத்தியே சாட்சி."

வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது. வெளியாள் ஒருவர் அரசுப் பிரசவ அறைக்குள் புகுந்து, அரசுக் கத்திரிக்கோலை எடுத்து, அரசுக் கட்டிலில் கிடந்த ஒரு பெண்ணைத் தொட்டிருக்கிறார். வேலை போனதாக இருந்த விஷயம் போலீஸ் வரைக்கும் போகக்கூடிய விஷயமாக வளர்ந்துவிட்டது. நன்மை செய்யப் போன அரியமுத்து வெளியே வந்து, டீக்கடையில் நின்று, தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஜீப்பில் ஆலங்குழிக்கு வந்தது. பூட்டிய விடுதியைத் திறந்து, வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். குழுவுக்கு நடுநாயகமாக வைத்திலிங்கம். குழுவின் முன் இருந்த பெரிய சிக்கல், குழந்தை பிறந்திருந்தது என்பதுதான். அதை மறுக்க வழியில்லை. விசாரணை முழுக்க அது அம்பிகாவின் மடியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

"அரசுக் கட்டடத்துல நடந்த பிரசவத்த ஒரு வெளியாளு பாத்தாங்கன்னு மேல எழுதினா, காவல் காக்காம நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு நம்மளக் கேப்பாங்க" என்றார் வைத்திலிங்கம் குழுவிடம். "ஆக, அப்படி நடந்திருக்க முடியாது. சம்பவ நேரத்துல இந்த வளாகத்துல பணியில இருந்த ஊழியர் யாரு?"

சாட்சியாக வரவழைக்கப்பட்டிருந்த சிங்காரவேலு பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

"நான்தானுங்க. ஆனா நான் மயக்கத்துல…"

"மயக்கம் கெடக்கட்டும். பணியில இருந்தீங்களா, இல்லையா?"

இல்லை என்றால் அன்றைய நாள் விடுப்பில் போய்விடும். சிங்காரவேலு விடுப்பை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"பணியிலதானுங்க இருந்தேன்."

"அவ்ளோதான். பணியில இருந்தவரு பாத்திருக்காரு. எழுதிக்க."

அம்பிகா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். "அடியாத்தி! இந்தாளா? பக்கத்துக் கட்டில்ல வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்தாரு சார்! எம் மாமனாருதான் சோடா வாங்கியாந்து தெளிச்சாரு!"

"கட்டிலுக்குப் பக்கத்துலயே இருந்தாருன்னு தாயே சாட்சி சொல்லுது. அதையும் எழுதிக்க."

"ஐயா, ஐயா" என்று அரியமுத்து குறுக்கே வந்தார். "எம் மருமவளுக்கு இவரு பிரசவம் பாத்தாருன்னு எழுதினா, நான் ஊருக்குள்ள தல காட்ட முடியுமாங்க?"

"என்னய்யா பட்டிக்காட்டான் மாதிரி பேசற? அரசு ஊழியர்ல ஏது ஆம்பள பொம்பள? கிரேடுதான் உண்டு."

சம்பூர்ணத்துக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. "அப்ப நான் என்னங்க பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"நீ வேடிக்க பாத்துக்கிட்டிருந்த" என்றார் வைத்திலிங்கம். "அதுக்கு நடவடிக்க வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். போலீசு கேசுலேருந்து தப்பிச்சோம்னு சந்தோஷமா வூட்டுக்குப் போ."

விடுதி மறுபடி பூட்டப்பட்டது. சம்பூர்ணம் பருத்திக் காட்டுக்கு வேலைக்குப் போனார். சுகன்யா படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தாள். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்று அவளிடம் சொன்னார்கள், அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

சுதந்திர தினத்தன்று, இக்கட்டான நேரத்தில் தன் பதவி எல்லையையும் கடந்து ஒரு தாயையும் சேயையும் காத்ததற்காகச் சிங்காரவேலுவுக்கு மேடையில் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அவர் மறுத்துப் பார்த்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு நிர்வாகச் சங்கடம் வந்தது. மாதாமாதம் ஒவ்வொரு விடுதியும் எத்தனை பிரசவம் பார்த்தது என்று மேலே அனுப்ப வேண்டும். ஆலங்குழிக்குப் பூஜ்யம் போட்டால், சான்றிதழ் வாங்கியவர் பெயரோடு சேர்ந்த விடுதியில் பூஜ்யமா என்று கேட்பார்கள். கேட்டால் சான்றிதழ் கொடுத்த பெரியவர் மனம் புண்படும். பிரிவு, யார் மனமும் புண்படாத ஓர் எண்ணைப் போட்டு அனுப்பியது. அடுத்த மாதம் முன்னேற்றம் காட்ட வேண்டியிருந்தது. காட்டினார்கள். பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் எல்லா மாதமும் சிங்காரவேலு.

ஆலங்குழிப் பெண்கள் வலி எடுத்ததும் அரியலூருக்கு பஸ் ஏறினார்கள். ஒருத்திக்கு பஸ்ஸிலேயே ஆகிவிட்டது. கண்டக்டர்தான் பார்த்தார். அவருக்குச் சான்றிதழ் இல்லை. போக்குவரத்து வேறு துறை.

இப்படியே போயிருந்தால் எல்லோரும் சுகமாக இருந்திருப்பார்கள். ஆனால் எண்கள் ஏறிக்கொண்டே போனதில் மேலிடத்தில் யாருக்கோ உற்சாகம் வந்துவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு சிங்காரவேலுவுக்கு ஓர் ஆணை வந்தது. அவருடைய அரிய திறமை ஒன்றிய அலுவலகத்தில் வீணாகக் கூடாது. அவர் ஆலங்குழி விடுதியின் நிரந்தரத் தாதியாக நியமிக்கப்படுகிறார். சேருவதற்கு முன், பெரம்பலூரில் பயிற்சி பெறும் செவிலியர் மாணவிகளுக்கு ஒரு பிரசவம் நேரடியாகப் பார்த்துக் காட்ட வேண்டும்.

அன்று மத்தியானமே சிங்காரவேலு பருத்திக் காட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பூர்ணம்! தாயே!"

மடியில் பருத்தியோடு சம்பூர்ணம் நிமிர்ந்தார். "என்னங்க சார் இம்புட்டு தூரம்? திரும்பிப் போவ பஸ்ஸு இருக்குங்களா?"

"பெரம்பலூருல அம்புட்டு பொண்ணுங்க முன்னாடி நான் பிரசவம் பாத்துக் காட்டணுமாம்மா."

"பாருங்க. உங்களுக்கு இல்லாத அனுபவமா? மாசாமாசம் பாக்கறீங்களாமே, ஊரே பேசுது."

பக்கத்து வரிசையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்கம்மா. ரத்தம்னு எழுதினாவே எனக்குக் கண்ணு இருட்டுது. நீ வேலையில சேந்துடு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"எனக்கு வயசு தாண்டிப் போச்சுன்னு ஐயா எழுதிட்டாருங்களே. நான் காட்டுல வெயில்ல நின்னதுல கொறஞ்சிருக்குமா?"

சிங்காரவேலு அவரை அப்படியே பஸ்ஸில் ஏற்றி அரியலூர் கொண்டுபோனார். வைத்திலிங்கம் முதலில் சிரித்தார். பெரம்பலூரில் தான் மயங்கி விழுந்தால், தான் பிரசவம் பார்த்ததாக விசாரணை அறிக்கை எழுதியது யார் என்று கேட்பார்கள் என்று சிங்காரவேலு மெல்ல எடுத்துச் சொன்னார். வைத்திலிங்கம் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து போய் மேலேயிருந்த மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, எப்போதுமே அப்படித்தான் சொல்லவிருந்தவர் போல, உட்கார்ந்து சொன்னார்.

"பணியில இந்த மாதிரி சின்ன முறிவு வந்தா, அலுவலர் நெனச்சா அத மன்னிச்சு, தொடர்ச்சியா எடுத்துக்கலாம். விதியிலயே இருக்கு."

"இப்ப புதுசா வந்த விதிங்களா?" என்றார் சம்பூர்ணம்.

"வெள்ளக்காரன் காலத்துலேருந்தே இருக்கு."

"அப்ப அன்னிக்கே…"

"அன்னிக்கு நீ வேலையத்தான கேட்ட? விதியக் கேக்கலையே."

பல மாதம் அசையாத விஷயம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஆணையில் உரிமை என்ற சொல் எங்கும் வரவில்லை. சம்பூர்ணத்தின் குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, கருணை அடிப்படையில், அவர் மீண்டும் பணியில் அனுமதிக்கப்பட்டார். பதிலுக்கு, ஆனி மாதத்துப் பிரசவத்தைப் பார்த்தவர் திரு. சிங்காரவேலுதான் என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"இதுல போட்டா வேல உறுதிங்களா சார்?"

"உறுதி."

"அப்ப அந்த ஒண்ணோட எதுக்கு நிறுத்தறீங்க? நான் இதுவரைக்கும் பாத்தது அத்தனையும் அவருதான் பாத்தாருன்னு எழுதிக்குங்க. எம் மவ சுகன்யா பொறந்ததையும் சேத்துக்குங்க."

வைத்திலிங்கம் அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

சம்பூர்ணம் விடுதியைத் திறந்து, கட்டில்களில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, வேலையைத் தொடங்கினார். முதல் வாரத்திலேயே இரண்டு பேர் டிராக்டரில் வந்தார்கள். சுகன்யா பெரம்பலூருக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் அரியலூர் மாவட்டமே பெரம்பலூரோடு திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. சிறப்புப் பிரிவைக் கலைத்தார்கள். பெயர்ப்பலகையில் தன் பங்கைச் சலூன்காரர் அறுத்து வைத்துக்கொண்டார்.

விடுதி பூட்டிக் கிடந்த அந்த ஆண்டு, அதிகப் பிரசவம் பார்த்த விடுதிகளின் வரிசையில் ஆலங்குழி மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றது. சம்பூர்ணம் வேலை பார்த்த அடுத்த ஆண்டு அது பதினோராம் இடத்துக்கு இறங்கியது. இந்த வீழ்ச்சிக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது.